ஆர்டர் போட்டது ஒட்டுக்கத்தி, வந்தது சுங்க விசாரணை

உழவர் கேள்வி – அலுவலர் பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் மா நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறோம். வருடா வருடம் ஒட்டுக் கட்டுவதற்கு உள்ளூர்க் கத்திதான். முனை சீக்கிரம் மழுங்கிவிடுகிறது என்று என் மகன் செல்போனில் பார்த்து வெளிநாட்டுக் கம்பெனியில் மூன்று ஒட்டுக்கத்தி ஆர்டர் போட்டான். கூடவே வேலி ஓரம் முள் வெட்ட ஒரு நீளக் கத்தியும் போட்டான். எல்லாம் சேர்த்து பதினோராயிரம் ரூபாய். இருபது நாள் கழித்து கூரியர் கம்பெனியிலிருந்து, பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, எதற்காக வாங்கினீர்கள் என்று விளக்கமும் படமும் அனுப்புங்கள் என்று மின்னஞ்சல் வந்தது. மறுநாள் ஒருவர் போன் செய்து, ஆயுதம் வரவழைத்திருக்கிறீர்கள், 18,000 ரூபாய் அபராதம் இப்போதே அனுப்பாவிட்டால் போலீஸ் வீட்டுக்கு வரும் என்கிறார். வீட்டுக்காரர் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. பையனும் பேசுவதில்லை. பணம் கட்டிவிடலாமா? கேஸ் வருமா?
– ஒரு வாசகி, போச்சம்பள்ளி வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்கக்கூடிய கேள்வி இல்லை இது. கடிதத்தைப் படித்ததும் அதில் இருந்த எண்ணுக்குப் பேசி, "அம்மா, போனில் கேட்டவருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். மின்னஞ்சலுக்கு மட்டும் பதில் எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டேன். மின்னஞ்சல் உண்மை. போன் மோசடி. இரண்டும் அடுத்தடுத்து வந்ததால் குடும்பமே குழம்பிவிட்டது.

இப்போதெல்லாம் கவாத்துக் கத்தரி, ஒட்டுக்கத்தி, மரம் அறுக்கும் கைரம்பம் என்று சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, ஜப்பான் சரக்குகளை நம் பிள்ளைகள் செல்போனிலேயே வரவழைக்கிறார்கள். நல்ல கருவிக்கு ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் கத்தி எல்லை தாண்டி வரும்போது மூன்று கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும். இது ஆயுதமா, கருவியா? யாருடைய பயன்பாட்டுக்கு? விலை எவ்வளவு, வரி எவ்வளவு? இந்த மூன்றையும் ஆர்டர் போடும் முன்பே யோசித்திருந்தால் அந்த வீட்டில் இரண்டு நாள் பட்டினி இருந்திருக்காது. மற்ற வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆயுதமா, கருவியா?

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. தாக்கவோ தற்காத்துக்கொள்ளவோ என்று வடிவமைக்கப்பட்ட பொருள்தான் அந்தச் சட்டத்தில் ஆயுதம். கூர்மையான முனை உள்ளவையும் அதில் அடங்கும். ஆனால் அதே பிரிவில் விலக்கும் இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கோ வேளாண்மைக்கோ மட்டுமே வடிவமைக்கப்பட்ட பொருள் ஆயுதம் ஆகாது. உதாரணமாக லத்திக்கம்பையும் சாதாரண ஊன்றுகோலையும் சட்டமே சொல்கிறது. அரிவாள்மனை, கதிர் அரிவாள், ஒட்டுக்கத்தி எல்லாம் இந்த விலக்குக்குள் வந்துவிடும்.

2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் ஒரு பட்டியல் உண்டு. வாள், குத்துவாள், ஈட்டி, போர்க்கோடாலி ஆகியவற்றோடு, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளும் அதில் வருகின்றன. 9 அங்குலம் என்றால் சுமார் 23 செ.மீ.; 2 அங்குலம் என்றால் 5 செ.மீ. அங்கேயும் வீடு, வேளாண்மை, அறிவியல், தொழிற்சாலைப் பயன்பாட்டுக்காக வடிவமைத்த கத்திகளுக்கு விலக்கு இருக்கிறது.

ஆக, அளவைப் பார்ப்பார்கள், எதற்காகச் செய்த கத்தி என்பதையும் பார்ப்பார்கள். "நான் விவசாயி, நான் எதை வாங்கினாலும் விவசாயக் கருவிதான்" என்ற வாதம் நிற்காது. வாங்குகிறவர் யார் என்பதைச் சட்டம் கேட்கவில்லை. பொருள் எதற்காக வடிவமைக்கப்பட்டது என்றுதான் கேட்கிறது.

இன்னொரு வேறுபாட்டையும் தெரிந்துகொள்ளுங்கள். பட்டியலில் உள்ள வாள், ஈட்டி போன்றவற்றை வைத்திருக்க உரிமம் வேண்டும் என்பது, அரசு அறிவித்த பகுதிகளுக்கு மட்டும் உள்ள கட்டுப்பாடு. ஆனால் வெளிநாட்டிலிருந்து ஆயுதத்தை உள்ளே கொண்டுவர இறக்குமதி உரிமம் வேண்டும் என்பது நாடு முழுவதற்கும் பொது. "பக்கத்து ஊர்க் கடையில் தொங்குகிறதே, வெளிநாட்டிலிருந்து வந்தால் மட்டும் என்ன?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

சுங்கத்தில் ஒவ்வொரு சரக்குக்கும் ஓர் எண் உண்டு. உலக நாடுகள் பெரும்பாலும் பின்பற்றும் வகைப்பாடு அது. மண்வெட்டி, கோடாலி, கவாத்துக் கத்தரி, அரிவாள் போன்ற வேளாண் கைக்கருவிகள் 8201. கத்திகள் 8211, கவாத்துக் கத்தியும் இதில் அடங்கும் என்று அந்தத் தலைப்பிலேயே எழுதியிருக்கிறது. வாள், ஈட்டி போன்ற ஆயுதங்கள் 9307. விற்பவர் பார்சல் மேல் ஒட்டும் தாளில் 8201 அல்லது 8211 என்று இருந்து, உள்ளே இருக்கும் பொருளும் அதற்குப் பொருந்தினால் பாதி வேலை முடிந்தது.

நம் வாசகி வீட்டுப் பார்சலில் ஒட்டுக்கத்திகளுக்குச் சிக்கலே இல்லை. இரண்டரை அங்குல அலகு, மடக்குக் கைப்பிடி. நின்றது நீளக் கத்தியால். அதன் அலகு 14 அங்குலம். விற்பனைப் பக்கத்தின் தலைப்பிலேயே "போர்க்கத்தி" என்ற பொருளில் ஆங்கிலத்தில் போட்டிருந்தார்கள். ராணுவ உடை போட்ட ஆள் அதைப் பிடித்து நிற்கும் படம் வேறு. வேலி முள் வெட்ட அதைவிட நல்ல வெட்டுக்கத்தி பக்கத்துச் சந்தையில் கிடைக்கும். பையன் படத்தைப் பார்த்து மயங்கிவிட்டான். சுங்க அதிகாரியும் அதே படத்தைத்தான் பார்த்திருப்பார். கேள்வி கேட்காமல் எப்படி விடுவார்?

அதனால் என் முதல் அறிவுரை: தற்காப்பு, போர், வேட்டை, கமாண்டோ போன்ற சொற்களோடு விற்கும் கத்தியைத் தோட்ட வேலைக்கென்று வாங்காதீர்கள். இருபக்கமும் கூர் தீட்டியது, பொத்தானை அழுத்தினால் தெறித்து விரிவது, கைத்தடிக்குள் ஒளித்து வைத்தது ஆகியவற்றைத் தொடவே வேண்டாம். வேளாண் வேலைக்கு இவை எதற்கும் தேவை இல்லை.

யாருடைய பயன்பாட்டுக்கு?

இந்த இடத்தில்தான் விவரம் தெரிந்தவர்களே தடுமாறுவார்கள். வெளிநாட்டுச் சரக்கை இறக்குமதி செய்ய ஐ.இ.சி. என்ற இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண் வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கினால் வேண்டாம் என்று விலக்கு இருக்கிறது. ஆனால் வர்த்தகம், உற்பத்தி, வேளாண்மை ஆகியவற்றோடு தொடர்பில்லாத சொந்தப் பயன்பாடு என்பதுதான் அந்த விலக்கின் வாசகம்.

கவனித்தீர்களா? ஆயுதச் சட்டத்தில் வேளாண்மை என்ற சொல் நமக்குக் கவசம். இறக்குமதி விதியில் அதே சொல் நம்மை விலக்குக்கு வெளியே நிறுத்துகிறது. சுங்கத்துக்கு எழுதும்போது "வீட்டுத் தோட்டத்துக்கு" என்று ஒன்றும், "நாற்றுப்பண்ணைக்கு" என்று ஒன்றும் மாற்றி மாற்றி எழுதினால் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்வோம். உள்ளதை உள்ளபடி எழுதுவதுதான் ஒரே வழி.

வீட்டில் நாலு மாமரம், ரோஜாச் செடி வைத்திருப்பவர் ஒரு கத்தரி வாங்குவது சொந்தப் பயன்பாடு. நாற்று விற்றுப் பிழைப்பவரோ, குழுவுக்காக இருபது கத்தி வரவழைப்பவரோ ஐ.இ.சி. எடுத்துக்கொள்வதே பத்திரம். இது பெரிய காரியம் இல்லை. பான் எண்தான் அடிப்படை. வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் இணையதளத்தில் விண்ணப்பம். கட்டணம் 500 ரூபாய். ஒருமுறை எடுத்தால் போதும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் மாதத்துக்குள் விவரங்கள் சரிதான் என்று இணையத்தில் உறுதி செய்ய வேண்டும். மறந்தால் எண் முடங்கிவிடும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் உறுப்பினராக இருந்தால், நிறுவனத்தின் பெயரில் எண் எடுத்து எல்லோருக்கும் சேர்த்து வரவழைக்கலாம். செலவும் பகிர்ந்துகொள்ளப்படும்.

இதோடு கே.ஒய்.சி. உண்டு. கூரியரில் வந்தால் ஆதார், பான் போன்ற அடையாள ஆவணம் கேட்பார்கள். பார்சலில் இருக்கும் பெயரும் ஆவணத்தில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பையன் பெயரில் ஆர்டர் போட்டு அப்பா ஆதாரை அனுப்பினால் அதுவே ஒரு வாரம் இழுக்கும்.

விலையும் வரியும்

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்ற பழமொழியை நம் முன்னோர் இதற்காகவே சொல்லி வைத்தார்கள் போலிருக்கிறது. செல்போனில் தெரியும் விலை, கைக்கு வரும் விலை அல்ல.

வரி போடுவது பொருளின் விலைக்கு மட்டும் இல்லை. அனுப்பும் கூலியும் காப்பீடும் சேர்ந்த தொகைக்கு. கத்தி 6,000 ரூபாய், அனுப்பும் கூலி 900 ரூபாய் என்றால் கணக்கு 6,900-லிருந்து தொடங்கும். அதன் மேல் அடிப்படைச் சுங்க வரி. பிறகு எல்லாம் சேர்ந்த தொகையின் மேல் ஐ.ஜி.எஸ்.டி. இதற்கும் மேல் கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணம். பார்சல் கிடங்கில் நிற்கும் நாளுக்கு வாடகையும் ஏறலாம். வரி விகிதம் மத்திய பட்ஜெட்டில் மாறும். அதனால் போன வருடம் பக்கத்து வீட்டுக்காரர் கட்டிய கணக்கை நம்பாமல், ஆர்டர் போடும் நாளில் உள்ள விகிதத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டு குறுக்கு வழிகளைச் சிலர் சொல்லித் தருவார்கள். ஒன்று, "பரிசுப் பொருள் என்று எழுதச் சொல்லுங்கள், வரி கிடையாது" என்பது. அது பழைய கதை. வரியில்லாமல் பரிசுப் பொருள் வரவழைக்கும் வழி 2019 டிசம்பரில் மூடப்பட்டது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும் விலக்கு. மற்றொன்று, "விலையைக் குறைத்து எழுதச் சொல்லுங்கள்" என்பது. அறிவித்த விலையும் உண்மை விலையும் வேறு என்றால், அந்த ஒரு காரணத்துக்காகவே 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தின் கீழ் சரக்கைப் பறிமுதல் செய்யலாம், அபராதமும் போடலாம். நியாயமான ஒட்டுக்கத்தியைக்கூட இந்தப் பொய் குற்றப் பொருளாக்கிவிடும்.

சுங்கத்தில் நின்றுவிட்டால்

முதலில், கேள்வி வந்தாலே வழக்கு என்று அர்த்தம் இல்லை. விவரம் போதவில்லை, சொல்லுங்கள் என்கிறார்கள், அவ்வளவுதான். நம் வாசகியிடம் அனுப்பச் சொன்ன ஆவணங்கள் இவை:

1. விற்றவர் கொடுத்த பில்லும், பணம் கட்டிய வங்கி விவரமும்.
2. ஒவ்வொரு கத்தியின் படம். அலகின் நீள அகலம் சென்டிமீட்டரில்.
3. தயாரிப்பாளரின் விற்பனைப் பக்கம். எந்த வேலைக்கு என்று எழுதியிருக்கும் பகுதியோடு.
4. நாற்றுப்பண்ணை உரிமத்தின் நகல், நிலத்தின் சிட்டா.
5. ஆதார், பான் நகல்.
6. ஒரு பக்கக் கடிதம். என்ன வாங்கினோம், எத்தனை, எந்த வேலைக்கு, விற்பனைக்கு அல்ல என்பது மட்டும்.

கடிதத்தில் கெஞ்சவும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். நீளக் கத்தியைப் பற்றி, "வேலி முள் வெட்ட என்று நினைத்து மகன் வாங்கினான், அதன் விளம்பரம் எப்படி இருந்தது என்பதைக் கவனிக்கவில்லை" என்று நடந்ததை அப்படியே எழுதச் சொன்னேன். ஐ.இ.சி. இல்லை என்பதையும் மறைக்க வேண்டாம் என்றேன்.

இதற்கு மேல் போனால் சட்டம் நமக்குத் தரும் பாதுகாப்பையும் தெரிந்துகொள்ளுங்கள். பறிமுதல் செய்வதற்கு முன் காரணம் காட்டி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நம் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். நேரில் விசாரிக்கும்படி கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. சரக்கைக் கைப்பற்றி ஆறு மாதத்துக்குள் நோட்டீஸ் தராவிட்டால் அதைத் திருப்பித் தர வேண்டும். காரணத்தைப் பதிவு செய்து அந்தக் காலத்தை இன்னும் ஆறு மாதம் நீட்டிக்க உயர் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. பறிமுதல் உத்தரவு வந்தாலும், தடை செய்யப்படாத சரக்கு என்றால், மீட்புத் தொகை கட்டி எடுத்துக்கொள்ளும் வாய்ப்பைத் தர வேண்டும். உத்தரவில் ஒப்புதல் இல்லை என்றால், அது கைக்கு வந்த 60 நாளுக்குள் சுங்க மேல்முறையீட்டு ஆணையரிடம் போகலாம்.

வரியும் வாடகையும் பொருளின் விலையையே தாண்டும் போலிருந்தால், "எனக்கு வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்து உரிமையை விட்டுவிடலாம். அப்போது வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் குற்றம் நடந்ததாகத் தோன்றும் சரக்குக்கு இந்த வழி கிடையாது. மூவாயிரம் ரூபாய்க் கத்திக்காக ஐந்தாறு தடவை சென்னைக்கு பஸ் ஏறுவதா, விட்டுவிடுவதா என்று நிதானமாகக் கணக்குப் போடுங்கள். ரோஷம் பார்க்காதீர்கள்.

போனில் வரும் "சுங்க அதிகாரி"

இதைத்தான் எல்லோரும் வீட்டில் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும்.

எங்கள் வட்டாரத்தில் ஒரு முன்னோடி விவசாயி. பயிற்சி முகாம்களில் மற்றவர்களுக்கு வகுப்பு எடுப்பவர். வெளிநாட்டுக் கவாத்துக் கத்தரி ஒன்று ஆர்டர் போட்டுக் காத்திருந்தார். அந்த நேரம் பார்த்து, "உங்கள் பார்சலில் சட்டவிரோதப் பொருள் இருக்கிறது" என்று போன். வீடியோ அழைப்பில் சீருடை போட்ட ஒருவர். "யாரிடமும் பேசக்கூடாது, போனை வைக்கக்கூடாது, நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள்" என்றாராம். கரும்புப் பணம் கணக்கில் இருந்தது. 48,000 ரூபாய் அனுப்பிவிட்டார். வெட்கத்தில் மூன்று நாள் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. நான்காம் நாள் என்னிடம் சொன்னார். புகார் கொடுத்தோம். அதற்குள் பணம் கை மாறி எங்கோ போய்விட்டது. கத்தரி ஒரு வாரத்தில் ஒழுங்காக வீட்டுக்கு வந்து சேர்ந்தது. இன்றும் அதைக் கையில் எடுக்கப் பிடிக்கவில்லை என்கிறார்.

அவர் ஏமாளி அல்ல. அவர் நிஜமாகவே ஒரு பார்சலுக்குக் காத்திருந்தார். மோசடிக்காரர்கள் ஆயிரம் பேருக்குப் போன் போடுகிறார்கள். அதில் பார்சலை எதிர்பார்த்திருக்கும் பத்துப் பேர் நம்பிவிடுகிறார்கள்.

நினைவில் வைக்க வேண்டியவை: டிஜிட்டல் கைது என்று நம் சட்டத்தில் ஒன்று கிடையவே கிடையாது. சுங்கத் துறை தனிநபர் கணக்குக்கோ யு.பி.ஐ. எண்ணுக்கோ பணம் அனுப்பச் சொல்லாது. 2019 நவம்பர் முதல் சுங்கத் துறையின் கடிதங்களிலும் நோட்டீஸ்களிலும் டி.ஐ.என். என்ற ஆவண அடையாள எண் இருக்க வேண்டும் என்று விதி. மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் கடிதம் உண்மையா என்று தெரிந்துவிடும். கூரியர் பெயரிலோ அஞ்சல் துறை பெயரிலோ குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள். நீங்களே அந்த நிறுவனத்தின் இணையதளத்துக்குப் போய், பார்சல் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

பணம் போய்விட்டால் அந்த நிமிடமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு. மூன்று நாள் வெட்கப்பட்டதன் விலை 48,000 ரூபாய். வீட்டில் யார் ஏமாந்தாலும் முதலில் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்துதான் மறைக்கிறார்கள்.

வெளிநாட்டுக் கத்தி அவசியமா?

நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்றால், நல்ல வெளிநாட்டு ஒட்டுக்கத்தியின் எஃகு உயர்ந்ததுதான். ஒருமுறை தீட்டினால் நெடுநேரம் கூர் நிற்கும். நாள் முழுக்க நூற்றுக்கணக்கில் ஒட்டுக் கட்டுபவர்களுக்கு அது கை வலியைக் குறைக்கும். ஆனால் ஒட்டு பிடிப்பது கத்தியின் பெயரால் அல்ல. ஒட்டுக்குச்சியின் இலைகளை ஏழு முதல் பத்து நாள் முன்பே கிள்ளிவிட்டு மொட்டு உப்பியிருக்க வேண்டும். வேர்ச்செடியும் குச்சியும் ஒரே பருமனாக இருக்க வேண்டும். வெட்டு ஒரே இழுப்பில் வழவழப்பாக விழ வேண்டும். இதில் கடைசி ஒன்றுக்கு மட்டும்தான் கத்தி பொறுப்பு. அதுவும் சாணைக்கல்லின் பொறுப்பு பாதி.

ஒட்டுக்கத்தியைப் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் சரித்து, மறுபக்கம் தட்டையாகத் தீட்டியிருப்பார்கள். அதனால் வலக்கைக்காரருக்கு ஒன்று, இடக்கைக்காரருக்கு வேறு. இதைப் பார்க்காமல் ஆர்டர் போட்டுவிட்டு, வந்த கத்தி கோணலாக வெட்டுகிறது என்று குறைசொல்பவர்கள் உண்டு. கடல் தாண்டி வந்ததைத் திருப்பி அனுப்பும் செலவில் புதிதாக ஒன்றே வாங்கிவிடலாம். துருப்பிடிக்காத எஃகு ஈரத்தைத் தாங்கும். கார்பன் எஃகு நன்றாகக் கூர் ஏறும், ஆனால் துடைத்து எண்ணெய் பூசாவிட்டால் ஒரே இரவில் துரு ஏறும்.

வாங்கும் முன் உள்நாட்டிலும் ஒருமுறை விசாரியுங்கள். லூதியானாவில் தயாராகும் கவாத்துக் கத்தரிகளும் ஒட்டுக்கத்திகளும் நம் ஊர் வேளாண் கருவிக் கடைகளில் கிடைக்கின்றன. 8201 தலைப்பில் வரும் வேளாண் கைக்கருவிகளுக்கு உள்நாட்டில் ஜி.எஸ்.டி. கிடையாது. வெளிநாட்டுச் சரக்கை முறையாக இறக்குமதி செய்து பில்லோடு விற்கும் இந்திய வியாபாரிகளும் இருக்கிறார்கள். விலை சற்றுக் கூடுதலாக இருக்கும். ஆனால் சுங்கப் பொறுப்பு அவர்களுடையது. பழுதானால் கேட்க ஆளும் உண்டு. ஒன்றிரண்டு கத்தி மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு இதுவே நல்ல வழி.

நம் வாசகியின் கதைக்கு வருகிறேன். ஆவணங்களோடு கடிதம் போய்விட்டது. இதை எழுதும் வரை முடிவு வரவில்லை. ஒட்டுக்கத்திகளுக்குப் பதில் சொல்வது எளிது. நீளக் கத்தி கிடைக்காமல் போகலாம் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். போன் செய்தவர் மேலும் இரண்டு முறை கூப்பிட்டாராம். "நோட்டீஸில் டி.ஐ.என். எண் சொல்லுங்கள்" என்று அந்த அம்மா கேட்டதும் இணைப்பைத் துண்டித்துவிட்டாராம். அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்கிறார்கள். கடிதத்தைத் தட்டச்சு செய்தது அந்தப் பையன்தான்.

கேள்வி: என் அண்ணன் துபாயிலிருந்து விடுமுறைக்கு வருகிறார். கவாத்துக் கத்தரியும் கூடவே சில செடிக் குச்சிகளும் கொண்டுவரச் சொல்லலாமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: கத்தரி கொண்டுவரலாம். ஆனால் கைப்பையில் வைத்தால் விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையிலேயே எடுத்துவிடுவார்கள். முனையை அட்டையால் மூடிக் கட்டி, சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். பில்லையும் கூடவே வைக்கட்டும். பழைய கருவி என்றால் மண் ஒட்டாமல் கழுவித் துடைத்திருக்க வேண்டும். செடிக் குச்சி, விதை, கன்று எதுவும் வேண்டவே வேண்டாம். 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் அவற்றைக் கொண்டுவரக் கூடாது. ஒரு குச்சியில் வரும் பூச்சியோ நோயோ ஒரு வட்டாரத்துத் தோட்டங்களையே அழித்துவிடும். மரவள்ளி மாவுப்பூச்சி 2020-இல் நம் நாட்டுக்குள் நுழைந்து சேலம், நாமக்கல் பக்கம் செய்த சேதம் உங்களுக்கே தெரியும்.

கேள்வி: திருப்பாச்சேத்தியில் அரிவாள் வாங்கி பஸ்ஸில் ஊருக்குக் கொண்டுவந்தால் போலீஸ் பிடிப்பார்களா?
– ஒரு வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: தோட்ட வேலைக்கான அரிவாள் கருவிதான். ஆனால் 2021-இல் தமிழகக் காவல் துறை, பட்டறைகளிலும் கடைகளிலும் வாங்குபவரின் பெயர், முகவரியைக் குறித்து வைக்கும்படி அறிவுறுத்தியது. கேட்டால் மறைக்காமல் கொடுங்கள். அந்தப் பதிவு உங்களுக்கும் நல்ல சாட்சி. பில் வாங்குங்கள். சாக்கில் சுற்றிக் கட்டி, கடையிலிருந்து நேரே வீட்டுக்குக் கொண்டுபோங்கள். திருவிழா, கட்சிக் கூட்டம், டீக்கடை என்று வழியில் எங்கேயும் இறங்க வேண்டாம். கருவி எப்போது ஆயுதமாகிறது என்பதை அது இருக்கும் இடமும் நேரமும் தீர்மானித்துவிடும். தென்னந்தோப்பில் மட்டை கழிக்கும் அரிவாளை, நடு இரவில் வண்டி இருக்கைக்கு அடியில் வைத்திருந்தால் யாரும் கேட்கத்தான் செய்வார்கள்.

உங்கள் கேள்விகளை அஞ்சலட்டையில் எழுதுங்கள். பார்சல், நோட்டீஸ், அபராதம் என்று அவசரமாக எதாவது வந்தால் மட்டும் அஞ்சலட்டைக்குக் காத்திருக்காமல், பணம் கட்டும் முன் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு ஒரு நடை வந்து காகிதத்தைக் காட்டிவிட்டுப் போங்கள்.